எண்ணாமல் எண்ணுவது

மாங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்திடம் ‘இந்தத் தொகுப்பில் எத்தனை ஆவணம் இருக்கிறது?’ என்று சி மொழி நிரலிலிருந்து கேட்க இரண்டு வழி உண்டு. ‘கவுண்ட் டாக்குமென்ட்ஸ்’ என்று முடியும் செயல்கூறு ஒன்று. ‘எஸ்டிமேட்டட் டாக்குமென்ட் கவுண்ட்’ என்று முடியும் செயல்கூறு இன்னொன்று. முதலாவது எண்ணிப் பார்த்துச் சொல்லும். இரண்டாவது எண்ணாமலே சொல்லும். ஒரே தொகுப்பு, ஒரே நொடி, ஒரே கேள்வி. ஆனாலும் சில சமயம் இரண்டும் வேறு வேறு எண்ணைத் தரும். தரமணிப் பக்கத்து மென்பொருள் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்ததும் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பிழை எதுவும் இல்லை. அந்த எண்கள் வந்த வழி வேறு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பார்க்காமல் ‘எத்தனை’ என்று சொல்ல முடியுமா, சொன்னால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கணினி அறிவியலின் பழைய, ஆழமான கேள்வி. 2022இல் அதற்கு மிக எளிமையான விடை ஒன்று வெளிவந்தது. அதை எழுதிய மூவரில் இருவர் சென்னையில் படித்தவர்கள்: ஒருவர் தி. நகரில், இன்னொருவர் அடையாறை ஒட்டிய தரமணியில். அவர்களுடைய விடையின் அழகு புரிய வேண்டுமானால், முதலில் தரவுத்தளத்துக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூலகம் இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையின் வளாகத்தில் கர்னல் ஆல்காட் 1886இல் தொடங்கிய நூலகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்குள் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் அங்கே இருக்கின்றன. இந்த மூன்றின் சுவடிப் பட்டியலையும் ஒரே தரவுத்தளத்தில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டில் நூலின் பெயர், எழுதியவர் பெயர், படியெடுத்தவர் பெயர், முடித்த நாள் எல்லாம் தெளிவாக இருக்கும். இன்னொன்றில் முதல் ஏடே இருக்காது. வேறொரு கட்டில் ஒரு மருத்துவ நூல், ஒரு சோதிட நூல், நடுவில் யாரோ எழுதிவைத்த கடன் கணக்கு என்று மூன்றும் ஒரே கயிற்றில் கோத்திருக்கும். கட்டம் போட்ட அட்டவணையில் இவற்றை அடைத்தால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். ஆவணத் தரவுத்தளம் கட்டம் கேட்பதில்லை. ஒவ்வொரு சுவடிக் குறிப்பையும் அதற்கு உள்ள விவரங்களோடு மட்டும் ஓர் ஆவணமாக வாங்கிக்கொள்ளும். ஆதார் அட்டைக்கான பதிவுகளைக் கையாள அடையாள ஆணையம் தொடக்க காலத்தில் அமைத்த கட்டமைப்பிலும் மாங்கோடிபிக்கு ஓர் இடம் இருந்தது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ‘கவுண்ட் டாக்குமென்ட்ஸ்’ அழைக்கப்பட்டால், தரவுத்தளம் நிபந்தனைக்குப் பொருந்தும் ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போகும். நிபந்தனைக்கு ஏற்ற சுட்டுவரிசை, அதாவது இண்டெக்ஸ், இருந்தால் அதை மட்டும் நடந்து முடிக்கலாம். இல்லாவிட்டால் முழுத் தொகுப்பையும் புரட்ட வேண்டும். ஆயிரம் ஆவணத்துக்கு இது கண் சிமிட்டும் நேரம். பல கோடி ஆவணத்துக்கு வட்டு சுழன்று, நினைவகம் நிரம்பி, மற்ற வேலைகளெல்லாம் வரிசையில் நிற்கும்.

‘எஸ்டிமேட்டட் டாக்குமென்ட் கவுண்ட்’ அந்த வேலைக்கே போகாது. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு குறிப்பு தனியாக இருக்கிறது. ஆவணம் சேர்ந்தால் அதில் ஒன்று கூடும்; நீங்கினால் ஒன்று குறையும். செயல்கூறு அந்த எண்ணைப் படித்துக் கையில் கொடுத்துவிடும். ஆயிரம் ஆனாலும் ஆயிரம் கோடி ஆனாலும் ஒரே வேகம்.

நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு நன்றாகத் தெரியும். பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவர் வழியில் வளர்ந்த நூலகங்கள் எல்லாவற்றிலும் இரண்டு கணக்கு உண்டு. புத்தகம் வந்ததும் வரிசை எண் போட்டு ஏற்றும் பதிவேடு ஒன்று. அலமாரி அலமாரியாகப் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு இன்னொன்று. பதிவேட்டைப் பார்த்து நூலகர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லலாம். அலமாரி அதே பதிலைச் சொல்லுமா என்பது, இடையில் என்னென்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.

மாங்கோடிபியில் அந்த ‘இடையில் நடந்தது’ என்ன என்று திட்டவட்டமாகச் சொல்லலாம். அதன் சேமிப்பு இயந்திரமான வயர்டைகர், வழக்கமாக 60 நொடிக்கு ஒரு முறை நிலவரத்தை வட்டில் பதிந்துகொள்கிறது. இதற்குச் செக்பாயின்ட் என்று பெயர். ஒரு செக்பாயின்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மின்சாரம் போய் சர்வர் சாய்ந்தால், ஆவணங்கள் காப்பாற்றப்படும். அவற்றை மீட்க ஜர்னல் என்ற தனிக் குறிப்பேடு இருக்கிறது. எண்ணிக்கைக் குறிப்பு மட்டும் பின்தங்கிப்போகலாம். அந்த இடைவெளியில் எத்தனை சேர்ப்பு, எத்தனை நீக்கல் நடந்ததோ அதற்கு ஏற்றபடி அது விலகி நிற்கும். ‘வேலிடேட்’ என்ற கட்டளை முழுத் தொகுப்பையும் பார்த்து அதைச் சரிசெய்யும். அதாவது, இருப்புச் சரிபார்ப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய தொகுப்புகளைப் பல சர்வர்களில் பிரித்து வைப்பார்கள். ஒரு பகுதி ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும்போது, பழைய இடத்தில் சில பிரதிகள் அழிக்கப்படாமல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மாங்கோடிபி இவற்றை அநாதை ஆவணங்கள் என்கிறது. மதிப்பீட்டு எண்ணிக்கை இவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு காரணங்கள் தெளிவாகத் தெரிந்திருப்பதால்தான் அந்தச் செயல்கூறின் பெயரிலேயே ‘மதிப்பீடு’ என்ற சொல் இருக்கிறது. பெயர் வைத்தவர்களின் நேர்மை பாராட்டத்தக்கது. எல்லாத் தரவுத்தளங்களும் இப்படி முகப்பிலேயே சொல்வதில்லை. மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை நிலவரம் கேட்டால் வரும் வரிசை எண்ணிக்கை உண்மையிலிருந்து 40 முதல் 50 சதவீதம் வரை விலகலாம் என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. கையேட்டைத் திறக்காதவர்கள் அதே எண்ணை எடுத்து அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள்.

சி மொழியில் எழுதுபவருக்கு இதற்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். இந்தச் செயல்கூறுகள் 64 பிட் முழு எண்ணைத் திருப்பித் தருகின்றன. அதை அவசரத்தில் சாதாரண ‘இன்ட்’ மாறியில் வாங்கினால், இன்றைய பெரும்பாலான கணினிகளில் 2,147,483,647 வரைதான் இடம். ஏறத்தாழ 214 கோடி. இந்திய மக்கள்தொகை அதற்குள் அடங்கிவிடும். ஆதார் சரிபார்ப்புகள் அடங்காது. அவற்றின் மொத்த எண்ணிக்கை பத்தாயிரம் கோடியைக் கடந்துவிட்டது. அதோடு, இணைப்பு அறுந்தாலோ அனுமதி இல்லாவிட்டாலோ செயல்கூறு −1 என்று தரும். எண்ணிக்கை எப்படியும் எதிர்மறையாக வராதே என்று குறியில்லா 64 பிட் மாறியில் அதை வாங்கிவைத்தால், திரையில் தெரியும் எண் 18,446,744,073,709,551,615. ‘பதில் கிடைக்கவில்லை’ என்ற செய்தி, நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண்ணிக்கையாக மாறி நிற்கும். −1 வந்ததா என்று முதலில் பார், பிறகு எண்ணைப் பயன்படுத்து: சி மொழி இந்தப் பொறுப்பை முழுக்க நிரலாளர் தோளில் வைக்கிறது.

மதிப்பீட்டு எண்ணிக்கைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது நிபந்தனை ஏற்காது. ‘மொத்தம் எத்தனை சுவடி’ என்று கேட்கலாம். ‘சித்த மருத்துவச் சுவடி எத்தனை’ என்று கேட்க முடியாது. அந்தக் கணக்குக் குறிப்பில் இல்லை. முழுவதும் எண்ணப் பொறுமை இல்லையென்றால் மாதிரி எடுப்பதுதான் வழி. 1930களில் வங்காளத்துச் சணல் வயல்களை அளக்க பி.சி. மகலனோபிஸ் கையாண்ட அதே வழி. குருட்டாம்போக்கில் 1,000 ஆவணத்தை எடுத்துப் பார்த்து அதில் 120 மருத்துவச் சுவடி இருந்தால், மொத்தத்தில் சுமார் 12 சதவீதம். பிழையெல்லை ஏறக்குறைய ஒன்றை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்குள் இருக்கும்: ஆயிரத்துக்கு 3 சதவீதப் புள்ளி, பத்தாயிரத்துக்கு 1 சதவீதப் புள்ளி. தொகுப்பில் இருப்பது பத்து லட்சமா பத்துக் கோடியா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. இதை முதல் முறை கேட்பவர்கள் நம்ப மறுப்பது இயல்பு. ஆனால் நூறாண்டுப் புள்ளியியல் இதன்மேல்தான் நிற்கிறது. தேடுவது மிக அரிதாக இருந்தால் மட்டும் இந்த வழி கைவிட்டுவிடும். லட்சத்தில் ஒன்றாக இருக்கும் சுவடி ஆயிரம் எடுத்த மாதிரியில் அகப்படுவது அபூர்வம்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆவணங்களை எண்ணுவது ஒன்று. வேறுபட்டவற்றை எண்ணுவது இன்னொன்று. மூன்று நூலகத்துப் பட்டியலையும் சேர்த்தால் ஒரே நூலின் படிகள் பல இடத்திலும் இருக்கும். ‘எத்தனை கட்டு’ என்பதற்குக் குறிப்பேடு பதில் சொல்லும். ‘எத்தனை வெவ்வேறு நூல்’ என்பதற்கு எந்தக் குறிப்பேடும் உதவாது. இதுவரை பார்த்த பெயர்கள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தால்தானே புதிதாக வந்த பெயர் பழையதா புதியதா என்று தெரியும்? மாங்கோடிபியில் இதற்கென ‘டிஸ்டிங்ட்’ என்ற கட்டளை உண்டு. வெவ்வேறு மதிப்புகளை எல்லாம் திரட்டி ஒரே ஆவணத்தில் அடுக்கித் தரும். ஓர் ஆவணத்தின் உச்ச அளவு 16 எம்.பி.; பட்டியல் அதைத் தாண்டினால் கட்டளை தோற்றுவிடும். சில ஆயிரம் நூல்பெயர்களுக்கு அது போதும். கோடிக்கணக்கான பெயருக்குப் போதாது.

குறைந்த இடத்தில் நிறைய எண்ண வேண்டிய நெருக்கடி, சி மொழி பிறந்த இடத்திலேயே வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். அதே ஆய்வகத்தில் ராபர்ட் மோரிஸ், எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் நிரலுக்காக, அடுத்தடுத்து வரும் மூன்று எழுத்துச் சேர்க்கைகளின் எண்ணிக்கையைச் சேகரித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அப்படி 17,576 சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டுக்கு மேல் ஒதுக்க இடமில்லை. ஒரு பைட்டில் 255 வரைதான் எண்ணலாம். மோரிஸ் எண்ணிக்கையைச் சேமிக்காமல், ஏறக்குறைய அதன் மடக்கையைச் சேமித்தார். எண் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டாமல், நாணயம் சுண்டிப் பார்த்து எப்போதாவது மட்டும் கூட்டுவது. ஒரே பைட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் தோராயமாக எண்ண முடிந்தது. 1978இல் வந்த அந்தக் கட்டுரை சில பக்கம்தான்.

வேறுபட்டவற்றை எண்ணும் கேள்வியை பிரான்சின் ஃபிலிப் ஃபிளஜோலே கையில் எடுத்தார். நைஜல் மார்ட்டினுடன் சேர்ந்து 1980களின் நடுப்பகுதிக்குள் ஒரு வழியைக் கண்டார். 2007இல் மூன்று இளையவர்களுடன் அதை ஹைப்பர்லாக்லாக் என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பெயரையும் ஹாஷ் என்ற கலக்கிக்குள் போட்டால் சுழியமும் ஒன்றுமாக ஒரு நீள வரிசை வரும். பாதிப் பெயர்களின் வரிசை சுழியத்தில் தொடங்கும்; கால்வாசி இரண்டு சுழியத்தில்; ஆயிரத்தில் ஒன்றுதான் பத்துச் சுழியத்தில். ஆகவே பத்துச் சுழியம் தொடர்ந்து வந்த பெயர் ஒன்றைப் பார்த்தால், ஏறத்தாழ ஆயிரம் வெவ்வேறு பெயர் கடந்துபோயிருக்கும் என்று ஊகிக்கலாம். அதே பெயர் நூறு முறை வந்தாலும் அதே வரிசைதான் வரும் என்பதால், திரும்ப வருவது கணக்கைக் கெடுக்காது. இதுவரை கண்ட நீளமான சுழியத் தொடர் எத்தனை என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும். துல்லியம் வேண்டுமென்றால் அப்படிப் பல எண்களை வைத்துச் சராசரி பார்க்கலாம். சி மொழியில் எழுதப்பட்ட ரெடிஸ் தரவுத்தளம் 2014இல் இதைச் சேர்த்துக்கொண்டது. 16,384 சிறு பதிவகங்கள், மொத்தம் 12 கிலோபைட், பிழை சுமார் 0.81 சதவீதம். அதை அழைக்கும் கட்டளைகள் ‘பி.எஃப்.’ என்று தொடங்குகின்றன. ஃபிலிப் ஃபிளஜோலேயின் முதலெழுத்துகள் அவை; 2011இல் அவர் இறந்து மூன்றாண்டு கழித்து ரெடிஸ் ஆசிரியர் சால்வதோரே சான்ஃபிலிப்போ செலுத்திய மரியாதை.

ஹைப்பர்லாக்லாக் அற்புதமாக வேலை செய்கிறது. ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று முழுமையாக நிறுவிக் காட்டக் கடினமான கணிதம் வேண்டும். கலக்கி உண்மையிலேயே நன்றாகக் கலக்குகிறது என்றும் நம்ப வேண்டும். முதலாண்டு மாணவருக்குக் கரும்பலகையில் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுவிக் காட்டும்படியான வழி ஏதாவது உண்டா? சென்னைத் தொடர்பு இங்கே வருகிறது.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற வீடு. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் வீடு அது. அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியலாளர். அண்டக் கதிர்கள் காற்றில் மோதித் துகள் துகளாகப் பெருகும்போது எந்த ஆற்றலில் எத்தனை துகள் இருக்கும் என்பதை நிகழ்தகவால் மதிப்பிடும் முறையில் பெயர் பெற்றவர். அவரும் ஒரு விதத்தில் எண்ணாமல் எண்ணியவரே. 1950களின் பிற்பகுதியில் அந்த வீட்டில் அவர் தன் மாணவர்களுக்கு நடத்திய கருத்தரங்கத்தை 1960இல் சென்னை வந்த நீல்ஸ் போர் பார்த்து வியந்து பேசினார். அந்த ஊக்கத்தில் 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர். பிறகு அது தரமணிக்கு இடம் மாறியது. ‘மேட்சயன்ஸ்’ என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1990களில் அங்கே வி. அரவிந்தின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்.வி. வினோத்சந்திரன், இப்போது அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

சென்னையின் இன்னொரு கணிதக் கூடம் 1989இல் சி.எஸ். சேஷாத்ரி தலைமையில் தொடங்கியது. இன்று சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம்தான் அது. 2005 வரை அதன் முகவரி தி. நகர், ஜி.என். செட்டி சாலை. ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் வரும் கூட்டம் அலைமோதும் பேட்டையில், ஒரு வாடகைக் கட்டடத்து மாடியில், நாட்டின் மிகச் சிறந்த கணித மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். சௌரவ் சக்ரவர்த்தி அந்தக் காலத்தில் அங்கே இளநிலை படித்தவர். பிறகு சிகாகோவில் முனைவர் பட்டம். திரும்பி வந்து சிறுசேரியில் ஆசிரியர். அதன் பின் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம். மகலனோபிஸ் நிறுவிய அதே கழகம்.

இவ்விருவரும், அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த குல்தீப் மீலும் வேறொரு கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரும் பெரிய பெரிய கணங்களின் ஒன்றிப்பு எவ்வளவு பெரிது என்பது கேள்வி. 2021இல் அதற்கு விடை கண்டு கட்டுரை எழுதினார்கள். அந்த விடையைச் சாதாரணப் பெயர்ப் பட்டியலுக்குப் பொருத்தினால் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையாக ஒரு வழி கிடைத்தது. 2022 செப்டம்பரில் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் நடந்த ஐரோப்பிய அல்காரிதம் மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு டொனால்ட் நூத் அதைப் படித்தார். கணினி அல்காரிதம்களைப் பற்றிய பெருநூலை அறுபது ஆண்டுகளாக எழுதிவருபவர் அவர். பார்த்த நாள் முதல் எதிர்ப்படுபவர்களிடமெல்லாம் இதை விளக்காமல் இருக்க முடியவில்லை என்று தன் குறிப்பில் எழுதினார். ஆசிரியர் மூவரின் முதலெழுத்தைக் கொண்டு சி.வி.எம். என்று பெயரும் வைத்தார்.

திருக்குறளை வைத்துச் செய்து பார்க்கலாம். திருவள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்ந்தார் என்பது மரபு; அவருக்கு அங்கே கோயிலும் இருக்கிறது. 1,330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9,310 சீர். இவற்றில் வெவ்வேறானவை எத்தனை? 350ஆவது குறளில் ‘பற்றுக’ என்ற சீர் இரண்டு முறை வரும். அங்கே ஏழு சீருக்கு ஆறுதான் வேறுபட்டவை. நூல் முழுக்க இப்படிப் பார்க்க வேண்டும். ஆனால் நம்மிடம் இருப்பது நூறு சீர் மட்டும் எழுத இடமுள்ள ஒரு தாள்.

முதல் குறளிலிருந்து தொடங்கி, தாளில் இல்லாத சீர்களை எழுதிக்கொண்டே வர வேண்டும். நூறும் நிரம்பியதும் ஒவ்வொரு சீருக்கும் ஒரு நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் இருக்கட்டும். பூ விழுந்தால் அடித்துவிடலாம். ஏறக்குறைய ஐம்பது மிஞ்சும். இனி அடுத்த சுற்று. இப்போது ஒரு சீர் வந்தால், அது ஏற்கெனவே தாளில் இருந்தால் முதலில் அதை அடிக்க வேண்டும். பிறகு நாணயம் சுண்டித் தலை விழுந்தால் மட்டும் எழுத வேண்டும். மறுபடி நூறு நிரம்பினால் மறுபடி எல்லாவற்றுக்கும் சுண்டிப் பாதியாக்க வேண்டும். அதற்கடுத்த சுற்றில் ஒரு சீர் உள்ளே வர இரண்டு தலை தொடர்ந்து விழ வேண்டும். அதற்கும் அடுத்ததில் மூன்று. கடைசிக் குறள் முடியும்போது ஆறு முறை பாதியாக்கியிருந்து, தாளில் 72 சீர் மிஞ்சியிருந்தால், 72ஐ 64ஆல் பெருக்கினால் 4,608. இவை முறையைக் காட்ட எடுத்துக்கொண்ட எண்கள். செய்து பார்ப்பவர் கையில் வேறு எண் வரும்.

தாளில் இருக்கும் சீரை எதற்காக அடித்துவிட்டுச் சுண்ட வேண்டும்? முழு ரகசியமும் இந்த ஓர் அடியில்தான் இருக்கிறது. ஒரு சீர் வரும்போதெல்லாம் அதன் பழைய நிலை துடைக்கப்படுகிறது. ஆகவே இறுதியில் அது தாளில் இருக்குமா இல்லையா என்பதை அது கடைசியாக வந்த இடம் மட்டுமே தீர்மானிக்கும். நூறு முறை வந்த சீருக்கும் ஒரே முறை வந்த சீருக்கும் ஒரே வாய்ப்பு: அறுபத்து நான்கில் ஒன்று. எல்லோருக்கும் சம வாய்ப்பு என்றால், மிஞ்சியதை அறுபத்து நான்கால் பெருக்குவது நியாயம். கலக்கி தேவையில்லை. அடிப்படை நிகழ்தகவு தெரிந்த மாணவர் இதை நிறுவிவிடலாம். மூல வடிவத்தில் மிகச் சிறிய ஒரு சாய்வு இருந்தது. சிறு மாற்றத்தால் அதை முழுவதும் நீக்கி, சராசரியில் உண்மையான எண்ணே வரும் என்று நூத் நிறுவினார்.

நூறு இடமுள்ள தாளில் விடை பத்துப் பன்னிரண்டு சதவீதம் விலகுவது சாதாரணம். பத்தாயிரம் இடம் கொடுத்தால் விலகல் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். சி மொழியில் இதை எழுத ஐம்பது, அறுபது வரி போதும்: மாங்கோடிபியிடம் நூல்பெயர்ப் புலத்தை மட்டும் கேட்டு ஒரு கர்சர் திறப்பது, ஆவணம் ஆவணமாக வாங்குவது, பெயரைத் தேடி அடிப்பது, சுண்டுவது. கவனிக்க வேண்டிய குழி ஒன்று உண்டு. சி மொழியின் பழைய ‘ராண்ட்’ செயல்கூறு 32,767 வரையிலான எண்களைத் தருவதற்கு மட்டுமே தரநிலை உறுதி கொடுக்கிறது. சில கணினிகளில் அதுவே அதன் உச்சமும் கூட. அதாவது ஓர் அழைப்பில் பதினைந்து நாணயம் சுண்டிய அளவு. ஆயிரம் இடமுள்ள தாளில் வேறுபட்ட பெயர்கள் மூன்று கோடியைத் தாண்டினால் பதினாறாவது நாணயம் தேவைப்படும். அது கிடைக்காமல், நிரல் சத்தமில்லாமல் தவறான விடை சொல்லும்.

தமிழ்த் தரவுக்கென்று தனியாக ஒரு குழி. சி மொழிக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். ‘பற்று’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். ‘தொல்காப்பியம்’ என்று எழுதும்போது ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் கணக்கில் ‘தொ’ ஒன்றில் ஆறு, மற்றதில் ஒன்பது. அடையாறில் ஒருவர் ஒரு விதமாகவும் கோட்டூர்புரத்தில் ஒருவர் வேறு விதமாகவும் தட்டச்சு செய்திருந்தால், நிரலின் கண்ணில் தொல்காப்பியம் இரண்டு நூல். தரவுத்தளத்தில் ஏற்றும்போதே இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்கத்தைச் செய்துவிட வேண்டும். இதைச் செய்யாத தரவின்மேல் நூத் சரிபார்த்த அல்காரிதமும் தவறான கேள்விக்குச் சரியான விடையைத்தான் தரும்.

தரவு பல சர்வர்களில் சிதறிக் கிடந்தால் ஹைப்பர்லாக்லாக்குக்கே இன்னும் முன்னுரிமை. ஒவ்வொரு சர்வரின் பதிவகத்தையும் எடுத்து, இடத்துக்கு இடம் பெரிய எண்ணை வைத்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாகிவிடும்; சி.வி.எம். தாள்களை அவ்வளவு சுலபமாக ஒட்ட முடியாது. ஆனால் ஹைப்பர்லாக்லாக் முடியும்போது கையில் சுழியங்களின் நீளம் மட்டும் இருக்கும். சி.வி.எம். முடியும்போது தாளில் பெயர்களே இருக்கும். அடிக்கடி வரும் நூலுக்கும் ஒரே படி மட்டும் எஞ்சிய நூலுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துப் பொறுக்கிய பெயர்கள் அவை. எழுபது எண்பது பெயர் என்றால் சுவடிகளை அறிந்த ஒருவர் ஒரு பிற்பகலில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். எது அச்சேறிய நூல், எது இன்னும் ஏட்டிலேயே இருக்கிறது, எந்தப் பெயர் வேறொரு பெயரின் எழுத்துப் பிழை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்தால், அந்தக் குறிப்புகளின் எண்ணிக்கையையும், பாதியாக்கிய முறைக்கு ஏற்ப (ஆறு முறை என்றால் அறுபத்து நான்கால்), பெருக்கலாம். மூன்று நூலகத்துப் பட்டியலில் அச்சேறாமல் கிடக்கும் நூல்கள் ஏறக்குறைய எத்தனை என்ற மதிப்பீடு, அதன் பிழையெல்லையோடு, அந்தத் தாளிலிருந்தே கிடைக்கும்.